நண்பர்கள் குழுவில் புதிர் போட: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் புதிர்க் குழு ஒன்றில் உங்களைச் சேர்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஒருவர் விடுகதை போட்டிருக்கிறார். இன்னொருவர் ஒரு செங்கல் படத்தையும் பட்டுப்புடவைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ‘ஊர்ப் பேர் சொல்லுங்க’ என்கிறார். மூன்றாமவர் தராசு, எட்டு நாணயம் என்று ஆரம்பிக்கிறார். கீழே ‘வந்துடுச்சு’, ‘எனக்கும்’, ‘க்ளூ ப்ளீஸ்’ என்று ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கே நுழைவது, எதைப் போடுவது, விடை தெரிந்தால் யாரிடம் சொல்வது என்று முழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல புதிர் போடுகிறவர் தோற்பதற்காகத்தான் போடுகிறார். யாராலும் முடியாத புதிர் போடுவது மிகச் சுலபம். ‘எங்க பாட்டி வீட்டுப் பசு மாட்டுக்கு என்ன பேர்?’ என்று கேட்டால் முடிந்தது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிய வைத்து, விடை வந்ததும் ‘அட, கண்ணு முன்னாடியே இருந்திருக்கே’ என்று சொல்ல வைப்பதுதான் கஷ்டம். கீழே சொல்லும் எல்லாமே அந்த ‘அட’வுக்காகத்தான்.

முதல் வேலை: விடை சொல்லிப் பழகுங்கள்

சேர்ந்த அன்றைக்கே புதிர் போட வேண்டாம். ஒரு வாரம் போல விடை மட்டும் சொல்லிக்கொண்டிருங்கள். யார் சினிமா ஆள், யார் கணக்கு ஆள், யார் இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுச் சத்தம் காட்டாமல் இருப்பவர் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். நாளைக்கு நீங்கள் போடப்போகும் புதிர் இவர்களுக்குத்தானே.

விடை தெரிந்தவுடன் அதைக் குழுவில் கொட்டிவிடாதீர்கள். பத்து நிமிடம் கழித்து வரும் நண்பருக்குப் புதிரே மிஞ்சாது. விடையைப் புதிர் போட்டவருக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் ‘வந்துடுச்சு’ என்று ஒரு வார்த்தை போதும். 2021 கடைசியில் வேர்டில் என்ற சொல் விளையாட்டு உலகம் முழுக்கப் பரவியதில் இந்த நாசூக்குக்குப் பெரிய பங்கு உண்டு. ஆடி முடித்தவர் பச்சை, மஞ்சள் கட்டங்களை மட்டும் நண்பர்களுக்கு அனுப்புவார். எத்தனையாவது முயற்சியில் பிடித்தார் என்று தெரியும், சொல் என்ன என்று தெரியாது. பார்த்தவருக்கு உடனே தானும் ஆடிப் பார்க்க வேண்டும் போல இருக்கும்.

குழுவிலேயே விடை சொல்வதுதான் வழக்கம் என்றால், டெலிகிராமில் ‘ஸ்பாய்லர்’ வசதி இருக்கிறது. எழுதிய வரியைத் தேர்ந்தெடுத்து அதைப் போட்டால், தொட்டால்தான் எழுத்து தெரியும். வாட்ஸ்அப்பில் பழைய வழி ஒன்று உண்டு: முதலில் வரிக்கு ஒரு புள்ளியாக நிறைய வரி போட்டு, கடைசியில் விடையை எழுதுவது. செய்தி நீளமானால் ‘மேலும் படிக்க’ என்று மடங்கிக்கொள்ளும். முதல் வரியிலேயே விடையை எழுதினால் எல்லோருடைய பூட்டிய திரையிலும் அது வந்து நிற்கும். அங்கேதான் பல புதிர்கள் செத்துப்போகின்றன.

‘வந்துடுச்சு’ என்பதோடு வேறு எதையும் சேர்க்காதீர்கள். ‘வந்துடுச்சு, ஆனா இப்போ பசிக்குது’ என்று எழுதினால் விடை சாப்பாட்டுப் பொருள் என்று ஊருக்கே சொன்ன மாதிரி. பழகியவர்கள் இதையே மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

விடுகதையில் தொடங்குவது நல்லது

புதியவர் முதலில் போட விடுகதைதான் சரியான வகை. படம் தேவையில்லை, கணக்கு தேவையில்லை, வீட்டில் கேட்ட பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் வீட்டில் கேட்டதையே போட்டால் எடுபடாது. ‘ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்’ என்று போட்டால், வரி முடிவதற்குள் நாலு பேர் ‘தேன்கூடு’ என்பார்கள். சொந்தமாகக் கட்ட வேண்டும்.

கட்டுவதற்கு மிகப் பழைய குறிப்பு ஒன்று இருக்கிறது. தொல்காப்பியத்தின் செய்யுளியல் விடுகதையைப் ‘பிசி’ என்று சொல்லி இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ஒப்புமை வைத்துச் சொல்வது ஒன்று. வெளியே தெரிகிற தன்மைகளைச் சொல்லி, அதிலிருந்து துணிந்துகொள்ளும்படி விடுவது இன்னொன்று. முதல் வகைக்கு உரையில் வரும் உதாரணம் நாலே சொல்: ‘பிறை கவ்வி மலை நடக்கும்.’ யானை! தந்தம் பிறை, உடம்பு மலை. ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியாது. இதைவிட நல்ல விடுகதையை நான் பார்த்ததில்லை.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். இன்றைக்கு எல்லோர் கையிலும் இருக்கும் பொருள் ஒன்றை எடுத்து, அதை ஆளாக்கிப் பாருங்கள். வங்கியிலிருந்து போனுக்கு வரும் ஓடிபியை எடுத்துக்கொள்வோம்.

முதல் முயற்சி: ‘கூப்பிட்டால் வருவான், கொஞ்ச நேரத்தில் போய்விடுவான்.’ இதற்கு லிஃப்ட் என்றும் சொல்லலாம், ஆட்டோ என்றும் சொல்லலாம், மாப்பிள்ளை என்றும் சொல்லலாம். வாய் ரொம்ப அகலம்.

இரண்டாவது: ‘கூப்பிட்டால் ஆறு பேர் வருவார்கள், கொஞ்ச நேரத்தில் போய்விடுவார்கள்.’ கொஞ்சம் நெருங்குகிறது. ஆனால் ஷேர் ஆட்டோ என்று எவனாவது சொல்லிவிட்டால் மறுக்க முடியாது. அதோடு சில நிறுவனங்கள் நாலு எண்தான் அனுப்புகின்றன. ஒருவர் அதை வைத்துச் சண்டைக்கு வருவார். எண்ணிக்கையை விட்டுவிட்டு, அதற்கு மட்டுமே உரிய குணம் எது என்று தேட வேண்டும். வரிசை மாறினால் உதவாது. வெளியே சொன்னால் பணம் போய்விடும். இந்த இரண்டும் சேர்ந்து வேறு எதற்கும் பொருந்தாது.

கூப்பிட்டால் கூட்டமாய் வருவார்கள்,
வரிசை மாறினால் வேலைக்கு ஆக மாட்டார்கள்,
கொஞ்ச நேரத்தில் செத்துப்போவார்கள்,
யாரென்று வெளியே சொன்னால் என் காசு போய்விடும்.

இது போதும். கூப்பிட்டால் - கூட்டமாய் என்று மோனையும் அதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது. விடுகதைக்கு அந்த ஓசை முக்கியம். ஓசை இருந்தால் ஒருவர் அதை வீட்டில் போய் அம்மாவிடம் அப்படியே சொல்வார்.

எழுத்தை வெட்டி ஒட்டுவது

தலையை எடு, வாலை எடு என்று போகும் எழுத்துப் புதிர்கள் தமிழுக்கு நன்றாகப் பொருந்தும். ஒரு சொல்லை எடுத்து ஒவ்வோர் எழுத்தாக நீக்கிப் பார்த்து, மிச்சம் இருப்பது வேறு சொல்லாக நிற்கிறதா என்று பாருங்கள். ‘தாமரை’யில் தலையை எடுத்தால் மரை. நடுவை எடுத்தால் தாரை. சரி, இரண்டும் சொல்தான். இனி அந்த இரண்டுக்கும் நேரடி அர்த்தம் தராமல், மக்கள் வாயில் அவை எப்படிப் புழங்குகின்றனவோ அதைப் பிடிக்க வேண்டும்.

மூன்றெழுத்து. தலை போனால் கிறுக்கனுக்குக் கழன்றது. நடு போனால் தப்பட்டைக்குத் துணை. முழுசாய் இருந்தால் தண்ணீரில் வாழும்.

‘மரை கழண்ட கேஸ்’ என்பதும் ‘தாரை தப்பட்டை’ என்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை. அதனால் தோற்றவருக்கும் கோபம் வராது.

எழுத்தை எண்ணுவதைக் கணினியிடம் விடாதீர்கள். தாமரைக்கு மூன்றெழுத்து, ஆனால் யூனிகோடில் துணைக்காலும் ஐகாரக் குறியும் தனித்தனிக் குறிகள் என்பதால், சில செயலிகள் அதை ஐந்து என்று காட்டும். மெய்யெழுத்தைத் தனி எழுத்தாகக் கணக்கிட வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். செங்கல்பட்டு ஏழு எழுத்து: செ, ங், க, ல், ப, ட், டு. விரல் விட்டு எண்ணுங்கள். விடைக்கு எத்தனை எழுத்து என்று அடைப்புக்குறியில் தவறான எண்ணைப் போட்டால் அந்தப் புதிர் காலி. மன்னிப்புக் கேட்டாலும் யாருக்கும் திரும்ப ஆர்வம் வராது.

இதிலேயே ஒரு படி மேலே இரட்டை அர்த்தக் குறிப்புகள் இருக்கின்றன. உதாரணத்துக்கு: ‘மீனவர் நம்பியிருப்பதைக் கல்லூரிப் பையன்கள் போடுவார்கள் (3).’ மீனவர் எதை நம்பி இருக்கிறார்? கடலை. பையன்கள் போடுவதும் கடலை. காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவுக்குள் அடக்கிய ஊர் இது, நமக்கு இந்தக் கை தானாக வரும். தினமும் பேசும்போது ஒரு சொல் இரண்டு பக்கம் இழுப்பதைக் கவனித்தால் உடனே போனில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நல்ல குறிப்புகள் உட்கார்ந்து யோசித்தால் வருவதில்லை. பஸ்ஸில் நிற்கும்போது வரும்.

படத்தை ஒட்டுவது

விஜய் டிவியின் ‘கனெக்ஷன்’ நிகழ்ச்சி பிரபலமாக்கிய வகை இது. இரண்டு மூன்று படங்கள். அவற்றின் பெயரைச் சேர்த்துச் சொன்னால் ஒரு படப்பெயரோ பாட்டு வரியோ ஊரோ வரும். செய்யச் சுலபம், கெடுப்பது அதைவிடச் சுலபம்.

நாமமும் கல்லும் சேர்ந்தால் நாமக்கல். வாலும் பாறையும் சேர்ந்தால் வால்பாறை. இவை இரண்டையும் எல்லோரும் போட்டுப் போட்டுத் தேய்ந்துவிட்டன. செங்கல்லும் பட்டும் சேர்ந்தால் செங்கல்பட்டு, நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டுக்குப் புடவைப் படம் வைத்தால் ஒருவர் ‘சேலை’ என்பார், ஒருவர் ‘புடவை’ என்பார், ஒருவர் ‘காஞ்சிபுரம்’ என்று வேறு ஊருக்கே போய்விடுவார். பட்டுப்புழுக் கூட்டின் படம் வைத்தால் இந்தக் குழப்பம் குறையும். படத்தைப் பார்த்தவுடன் ஐந்து பேரில் மூன்று பேர் வாயில் என்ன சொல் வருகிறது என்பதுதான் கணக்கு. உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்பது கணக்கே இல்லை. வீட்டில் யாரிடமாவது படத்தை மட்டும் காட்டி, ‘இது என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள்.

‘ஊர்’, ‘படம்’, ‘பழமொழி’ என்று எந்த வகை என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வேலி இல்லாத வயலில் ஆளை இறக்கிவிட்டுத் தேடச் சொல்லக் கூடாது. படத்தை வைத்தே இணையத்தில் தேடும் வசதி இருப்பதால், இணையத்தில் எடுத்த பிரபலமான படத்தை அப்படியே போட்டால் சிலர் தேடியே முடித்துவிடுவார்கள். நீங்களே போனில் எடுத்த செங்கல் படம் போதும்.

பொது அறிவுக் கேள்வி என்றால்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ‘பாம்பன் ரயில் பாலம் எந்த ஆண்டு திறக்கப்பட்டது?’ என்பது புதிர் இல்லை, பரீட்சை. தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் போனைத் தட்டுவார், யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. நம் நாட்டு க்விஸ் வட்டாரத்தில் நல்ல கேள்விக்கு ஒரே அளவுகோல்தான்: விடை நேரடியாகத் தெரியாதவரும் கேள்வியில் இருக்கும் துணுக்குகளைக் கோத்து அதை அடைய முடியுமா?

அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘1914இல் திறந்த இதன் மேல் ரயில் போனது. கப்பல் வந்தால் இது நடுவில் பிளந்து இரண்டு கையையும் தூக்கியது. 1964இல் இதற்கு அப்பால் இருந்த ஓர் ஊரைப் புயல் கொண்டுபோயிற்று. எது இது?’ ஆண்டு தெரியாதவருக்குப் புயல் கை கொடுக்கும், புயல் தெரியாதவருக்குத் தூக்கும் கை. மூன்று வழி வைத்தால் யாராவது ஒரு வழியில் வந்துவிடுவார்கள்.

இதே பாலம் இன்னொரு பாடமும் தருகிறது. ‘பாம்பன் ரயில் பாலம் எப்படித் திறக்கும்?’ என்று பழைய வினாத்தாளிலிருந்து எடுத்துப் போட்டால், ‘இரண்டாகப் பிளந்து’ என்பது பழைய பாலத்துக்கு மட்டுமே சரி. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. மாவட்ட எண்ணிக்கை, பதவியில் இருப்பவர், ‘மிக உயரமான’, ‘மிக நீளமான’ போன்ற கேள்விகள் எல்லாம் இப்படித்தான் காலாவதியாகும். போடும் முன் ஒரு தடவை சரிபாருங்கள்.

கணக்கும் தர்க்கமும்

புலி, ஆடு, புல்லுக்கட்டு, ஒரு படகு என்று தொடங்காதீர்கள். ஐரோப்பாவில் ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்று ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் சரக்கு அது. குழுவில் எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே ஆற்றைக் கடந்துவிட்டார்கள்.

கணக்குப் புதிரில் நிபந்தனைகளை முழுசாகச் சொல்வதுதான் முக்கால்வாசி வேலை. எட்டு நாணயம், ஒன்று போலி, தராசை இரண்டே முறை பயன்படுத்திக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒருவர் போடுகிறார். போலி எடை குறைந்தது என்று சொல்ல மறந்துவிட்டார். சொல்லியிருந்தால் அழகான புதிர்: மூன்றுக்கு மூன்று நிறுத்திப் பார்க்க வேண்டும், சமமாக இருந்தால் மீதி இரண்டை ஒன்றுக்கு ஒன்று நிறுத்த வேண்டும், சமமில்லை என்றால் லேசான பக்கத்து மூன்றில் இரண்டை எடுத்து நிறுத்த வேண்டும். போலி கனமா, லேசா என்று தெரியாவிட்டால் இரண்டு முறையில் முடியவே முடியாது. ஒரு சொல் விட்டுப்போனதால் பத்து நண்பர்கள் ராத்திரி முழுக்க முடியாத கணக்கோடு போராடுவார்கள், காலையில் உங்களைத் தேடி வருவார்கள்.

‘97 சதவீதம் பேர் தோற்றுவிட்டார்கள்’ என்ற தலைப்போடு வரும் கணக்குகளுக்குக் குழுவில் இடம் தர வேண்டாம் என்பது என் கட்சி. 1+4=5, 2+5=12, 3+6=21 என்றால் 8+11 எவ்வளவு என்று ஒன்று சுற்றுகிறது. முதல் எண்ணையும் இரண்டின் பெருக்கலையும் கூட்டினால் 96. முந்தைய வரியின் விடையைச் சேர்த்துக்கொண்டே போனால் 40. இரண்டும் சரிதான், அதனால் இரண்டும் உதவாது. விதியை நீங்கள் சொல்லாத வரைக்கும் அது புதிர் இல்லை, சண்டைக்கான அழைப்பு.

பழைய தமிழ்ச் சரக்கு வேண்டும் என்றால் காரிநாயனாரின் கணக்கதிகாரத்தைப் புரட்டலாம். பலாப்பழத்தை வெட்டாமல் சுளையை எண்ண அதில் ஒரு வெண்பா இருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். ‘முள் 50 என்றால் அந்தப் பாட்டின்படி சுளை எத்தனை?’ என்று கேட்டால் 60. ‘அந்தப் பாட்டின்படி’ என்பதை விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் பண்ருட்டிக்காரர் ஒருவர் பழத்தோடு வந்து நிற்பார்.

போடும் முன், போடும்போது

எழுதி முடித்த புதிரை ஒரு ராத்திரி கிடப்பில் போடுங்கள். காலையில் படிக்கும்போது ‘இதற்கு வேறு விடையும் வருமே’ என்று நீங்களே சொல்வீர்கள். அதன் பிறகு குழுவில் இல்லாத ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் தவறான விடைகள்தான் உங்களுக்குத் தங்கம். உங்கள் விடையைவிட அவர் விடை நன்றாகப் பொருந்தினால் புதிரைத் திருத்துங்கள், அவரைத் திருத்தாதீர்கள்.

போடும்போது ஒரே செய்தியில் போடுங்கள். புதிர் எண், வகை, எத்தனை எழுத்து, விடை எப்போது வெளியாகும், இவ்வளவும் அதிலேயே இருக்கட்டும். நண்பர்கள் வெளிநாடுகளில் இருந்தால் நேரத்தையும் பாருங்கள். சென்னையில் இரவு 9 மணி என்றால் துபாயில் 7.30, சிங்கப்பூரில் 11.30. சிங்கப்பூர் நண்பர் கொட்டாவி விட்டுக்கொண்டு ஆடுவார், பாவம். ‘யார் முதலில்’ என்பதற்கு மதிப்பெண் தரும் குழுவில் இது அநியாயம் ஆகிவிடும். 24 மணி நேரத்துக்குள் யார் சொன்னாலும் ஒரே மதிப்பு என்று வைத்துவிட்டால் தீர்ந்தது.

நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வகை என்றால் டெலிகிராமின் க்விஸ் வாக்கெடுப்பு நல்லது. எந்த விடை சரி என்று முன்பே குறித்துவிடலாம், அமுக்கியவருக்கு உடனே தெரிந்துவிடும். சாதாரண வாக்கெடுப்பில் கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு அதையே அமுக்குகிறவர்கள் உண்டு.

ஒரு புதிர் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றைப் போடாதீர்கள். ‘நடுவுல ஒண்ணு போட்டுக்கட்டுமா அக்கா?’ என்று கேட்டாலும், ‘இருப்பா, இது முடியட்டும்’ என்றுதான் பதில் வரும், வர வேண்டும்.

க்ளூ கொடுப்பது

க்ளூவையும் புதிரோடு சேர்த்தே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் கொடுத்தால் ஒன்று விடையையே சொல்லிவிடுவோம், அல்லது ஒன்றுமே சொல்ல மாட்டோம். மூன்று க்ளூ போதும்.

முதல் க்ளூ தேடும் இடத்தைச் சுருக்க வேண்டும். செங்கல்பட்டுக்கு ‘2019இல் தனி மாவட்டம் ஆன ஊர்’ என்றால், கள்ளக்குறிச்சி, தென்காசி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று கூட நாலு பேர் வந்து நிற்பார்கள். ஐந்தில் ஒன்று என்பது நல்ல அளவு, படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள். இரண்டாவது க்ளூ, மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து இழுத்துவிட வேண்டும்: ‘இரண்டாவது படத்தில் கூட்டைப் பார்க்காதீங்க, அது எதைக் கொடுக்குதுன்னு பாருங்க.’ மூன்றாவதைக் கிட்டத்தட்ட விடையாகவே வைக்கலாம். அதற்குள் மிச்சம் இருப்பவர்கள் சோர்ந்துபோயிருப்பார்கள், அவர்களுக்கும் ஒரு ‘வந்துடுச்சு’ போடும் சந்தோஷம் வேண்டும்.

தனியாகக் கேட்பவருக்குத் தனியாக க்ளூ கொடுப்பது பாசத்தில் செய்வதுதான். ஆனாலும் வேண்டாம். எதைக் கொடுத்தாலும் குழுவில் கொடுங்கள்.

தவறான விடை வந்தால் ‘தப்பு’ என்று மட்டும் சொல்லாமல் எவ்வளவு தூரம் என்று சொல்லுங்கள். ‘பக்கத்துல வந்துட்டீங்க அண்ணா, இன்னும் ஒரு எழுத்து’ என்றால் அவர் ராத்திரி தூங்காமல் முயன்று பார்ப்பார்.

விடை வெளியான பிறகு வரும் சண்டை

விடையை மட்டும் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். எந்தச் சொல் எதைக் குறித்தது என்று பிரித்துக் காட்டுங்கள். தோற்றவருக்கு விடையைவிட அந்தப் பிரிப்புதான் வேண்டும்.

மாற்று விடை வரும். வந்தால் ஒரே கேள்விதான்: புதிரில் இருக்கும் எல்லா வரிக்கும் அது பொருந்துகிறதா? பொருந்தினால் முழு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள், பேச்சே வேண்டாம். நீங்கள் நினைத்தது வேறு என்பது உங்கள் பிரச்சினை. 2015 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பி உலகம் முழுக்கச் சுற்றிய ‘ஷெரிலின் பிறந்தநாள்’ புதிரிலேயே இது நடந்தது. பத்துத் தேதிகள், ஒரு நண்பருக்கு மாதம் மட்டும் தெரியும், இன்னொருவருக்கு நாள் மட்டும் தெரியும். போட்டவர்கள் நினைத்த விடை ஜூலை 16. முதல் வரியை வேறு மாதிரி படித்த ஒரு கூட்டம் ஆகஸ்ட் 17 என்று விடாமல் வாதாடியது. மாணவர்களுக்கான போட்டிக்குத் தயாரித்த கேள்விக்கே அந்தக் கதி என்றால், பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதிய நம் புதிருக்கு என்ன!

சண்டை நீண்டால் புதிர் போட்டவர் சொல்வதே முடிவு என்று குழுவில் முன்பே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த விதியை எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறீர்களோ அவ்வளவு நல்லது.

மதிப்பெண்

நிறையக் குழுக்கள் மதிப்பெண் இல்லாமலே ஆடுகின்றன. வேண்டும் என்றால் விடை சொல்கிறவருக்கு மட்டும் தராமல் போடுகிறவருக்கும் தாருங்கள், அதுவும் ஒரு நிபந்தனையோடு. டிக்ஸிட் என்ற அட்டை விளையாட்டில் ஓர் அருமையான விதி இருக்கிறது: குறிப்புக் கொடுப்பவரின் அட்டையை எல்லோரும் கண்டுபிடித்துவிட்டாலும் அவருக்குப் பூஜ்யம், ஒருவருமே கண்டுபிடிக்காவிட்டாலும் பூஜ்யம். சிலர் பிடித்து, சிலர் விட்டால்தான் மதிப்பெண். இதை நம் குழுவில் அப்படியே வைத்துவிட்டால், பாட்டி வீட்டுப் பசு மாட்டைக் கேட்கிறவர்கள் ஒரே வாரத்தில் திருந்திவிடுவார்கள்.

கூகுள், ஏஐ, ஃபார்வர்டு

கூகுளில் தேடலாமா என்பதைப் புதிரோடு சொல்லிவிடுங்கள். விடுகதைக்கும் எழுத்துப் புதிருக்கும் கூடாது, பொது அறிவுக் கேள்வியில் யோசித்து வந்த விடையைச் சரிபார்க்க மட்டும் தேடலாம் என்பது பல குழுக்களுக்கு ஒத்துவரும். ஏஐயிடம் கேட்டு விடை சொல்கிறவரைப் பிடிப்பது கஷ்டம். பிடிக்க முயலவும் வேண்டாம். ‘எப்படி வந்துச்சு, சொல்லுங்க’ என்று கேட்டுப் பாருங்கள், தானாக யோசித்தவர் அரைப் பக்கம் எழுதுவார். ஏஐயைப் புதிர் எழுதச் சொல்லிப் போடுகிறவர்கள், எழுத்து எண்ணிக்கையையாவது விரல் விட்டுச் சரிபார்த்துவிட்டுப் போடுங்கள்.

வேறு ஒருவர் கட்டிய புதிர் என்றால் ‘சுட்டது’ என்று ஒரு சொல் போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சொல்லாமல் போட்டுக் கட்டியவரே குழுவில் இருந்துவிட்டால் அது வேறு கதை. சாதி, நிறம், உடல்வாகு வைத்துச் சிரிக்கும் விடுகதைகள் பழசிலேயே நிறைய இருக்கின்றன. பழசு என்பதற்காக அவற்றைக் கொண்டுவர வேண்டாம். கேட்கும்போது ஒரு மாதிரியாகவும் விடை சாதுவாகவும் இருக்கும் விடுகதைகளும் உண்டு, பாட்டிகள் அதில் கெட்டிக்காரிகள். அவற்றைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

போட்ட புதிர்களை ஒரு கூகுள் ஷீட்டில் எண், தேதி, போட்டவர், விடை என்று ஏற்றி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒருவர் அதே தாமரையை வேறு சட்டை போட்டுக் கொண்டுவரும்போது உதவும்.

கடைசியாக, நீங்கள் ஆசையாகப் போட்ட முதல் புதிருக்கு ஒருவரும் பதில் சொல்லாமல் போகலாம். ‘ஏன் யாரும் பேச மாட்டேங்கிறீங்க’ என்று கேட்காதீர்கள். மறுநாள் காலை முதல் க்ளூவைப் போடுங்கள். மதியம் இரண்டாவது. அப்போதும் சத்தமில்லை என்றால் விடையைப் பிரித்துக் காட்டிவிட்டு, ‘எந்த இடத்தில் மாட்டிக்கிட்டீங்க?’ என்று கேளுங்கள். இரண்டு பேராவது சொல்வார்கள். அடுத்த புதிரை அந்த இரண்டு பேருக்காக எழுதுங்கள்.